மேல் விளிம்பு

முழுத்தாங்கி அடித்தால் மட்டுந்தான் ஒழுகியிருக்கிறது.
அரைவாசிக்கு இறங்கிவிட்டால்
ஒரு சொட்டும் இல்லை.

கொய்யாத்தோட்டத்தில் கிளாறன்சின் கராச்.
ஹைலக்சின் பின்பக்கத்தைத் தூக்கி
இரண்டு சிலிப்பர் கட்டையில் இருத்தியிருக்கிறான்.
கீழே சாக்கு விரித்து
அவனும் நானும் பக்கத்தில் பக்கத்தில் மல்லாந்து கிடக்கிறோம்.
பத்து வருடம் ஐஸ் உருகி மீன்தண்ணி வடிந்த இரும்பு
தொட்டால் பிட்டு மாதிரி உதிர்ந்து
கண்ணுக்குள் விழுகிறது.

பட்டிகள் இரண்டு. பின்பட்டி உடனே வந்தது.
முன்பட்டியின் நட் அசையவில்லை.
கிறீஸ் எண்ணெய் விட்டு, தட்டி, ஏசி,
கடைசியில் வாளலகால் அறுத்தான்.
நெருப்புக் காட்டினால் ஒரு நிமிட வேலை.
ஆனால் வாயிலிருந்த பீடியையே
றோட்டில் நூர்த்துவிட்டு வந்து படுத்தவன் அவன்.

அறுந்தது.
வடித்தது போக மிச்ச டீசல் உள்ளே ஒருதரம் புரள
தாங்கி என் நெஞ்சில் வந்து இறங்கியது.

வெயிலில் வைத்துத் துணியால் துடைத்தான்.
"இஞ்ச பார்."
சேசியைப் பார்த்திருந்த மேல் விளிம்பில்
ஒரு சாண் நீளம், மயிரளவு வெடிப்பு.
"இது நேற்று முந்தநாள் வந்ததில்லை.
ஒரு வருசமாவது இருக்கும்."

டெனிஸ்ரனை நான் நிற்பாட்டியது மாசியில்.

பின்னேரம் முழுக்க அடிப்பேன்.
விடிய முள் ஒரு விரல் இறங்கியிருக்கும்.
இரவில் வண்டிக்குள் படுப்பவன் அவன்.
வேறு யாரை நினைப்பேன்?
"அண்ணை, டீசல் மணக்குது" என்று முதலில் சொன்னதும் அவன்தான்.
கள்ளன்தான் முதலில் கூவுவான் என்று
அதையும் அவன் கணக்கிலேயே எழுதினேன்.

பாசையூர் மீன்சந்தை வாசலில்
கையை நீட்டடா என்று சொல்லி மணந்து பார்த்தேன்.
கூறு மீன் வாங்க வந்த சனம் முழுக்கப் பார்த்தது.
மணந்தது.
டீசல் வண்டியில் நிற்பவனின் கை
வேறெப்படி மணக்கும் என்று
அப்போது ஒருவரும் கேட்கவில்லை, நானும்.

மணல் குடித்திருக்கிறது.
வீட்டு வாசல் மணல், ஒரு கறையும் காட்டாமல்,
லீற்றர் லீற்றராக.

மாற்றுத் தாங்கி பஞ்சிகாவத்தையிலிருந்து
இரவு பஸ்ஸில் வந்தது.
புதிது என்று சொல்லேலாது,
யப்பானில் யாரோ ஓடிக் கழித்த வண்டியில் கழற்றியது.
வயிற்றில் மஞ்சள் சோக்கால் என் பெயர்,
ஓர் எழுத்துப் பிழையோடு.
நாற்பத்திரண்டாயிரம், பஸ் கூலி வேறு.

பட்டிக்கும் தாங்கிக்கும் நடுவில்
பழைய ரியூப் வெட்டி வைத்தான்.
ஹொஸ் இரண்டுக்கும் புதுக் கிளிப்.
"முழுக்க அடிச்சுக்கொண்டு வா" என்றான்.
அடித்து வந்து நிறுத்தி, கீழே பேப்பர் விரித்தோம்.
காலையில் பேப்பர் காய்ந்திருந்தது.
மரண அறிவித்தல் பக்கத்தில்
ஓர் எறும்பு.

நான் சந்தோஷப்பட வேண்டிய இடம் அது.
சன்லைட் போட்டு மூன்றுதரம் கை கழுவினேன்.

அடுத்தநாள் விடிய நாலு மணி, ஐஸ் கொம்பனி.
கொக்கியால் கட்டிகளை இழுத்து விடுகிற டெனிஸ்ரன்
பத்து மாதமாக என் முகத்தைப் பார்ப்பதில்லை.
"தாங்கி மாத்தீட்டன்" என்றேன்.
"மேல... ஒரு வெடிப்பு இருந்திருக்கு."
ஐஸ் அரைக்கும் மெசின் கத்திக்கொண்டிருந்தது.
கேட்டிருக்கலாம்.
ஆறு கட்டி தள்ளிவிட்டான்.
"எண்ணிப் பாத்து எடுங்கோ" என்றான்.

எல்லாருக்கும் அவன் சொல்கிறதுதான் அது.
எனக்குப் பின்னால் நின்ற லொறிக்காரனுக்கும் சொன்னான்.
கதவைத் திறந்தபடி நின்று கேட்டேன்,
அதே குரல்தானா என்று.