சின்னச் சுவிச்

ஹமில்ரன், பார்ட்டன் தெரு.
மூடிக்கிடக்கும் சலவைக்கடைக்கு மேலே
பதினேழு படி.
லிஃப்ற் இல்லாத கட்டடம் என்றால்
எனக்கு அரைநாள் லீவு மாதிரி.

அறுநூற்றைம்பது சொல்லியிருந்தாள் டார்லீன்.
கட்டிலில் கிடத்தியிருந்தாள் பேஸ் கிற்றாரை.
சுகமில்லாதவரைப் பார்க்க வந்தவள்போல
சப்பாத்தைக் கழற்றிவிட்டு நின்றேன்,
காலுறைக்குள் உருகிய பனி.

உடம்பு ஜப்பானில் செய்தது. கழுத்து வேறெங்கோ.
முன் பிக்கப் அசல்,
பின்னால் இருப்பது பிறகு வந்து குடியேறியது.
அதற்கு இடம் தோண்டிய உளி
ஓரத்தில் கொஞ்சம் கோணிவிட்டது.
குமிழ் மூன்று, மூன்றும் மூன்று நிறம்.
தள்ளி, சுண்டுவிரல் நகம் அளவில்
ஒரு சின்னச் சுவிச்.

"உள்ளே என்ன செய்தான் என்று கேட்காதே.
சனி ஞாயிறு முழுக்க இந்த மேசையில் புகை.
விரிப்பில் ஓட்டை, பார்."

திறந்து பார்க்கலாமா என்றேன்.

"அவனையே ஒருநாளும் திறந்து பார்க்க முடியவில்லை எனக்கு.
இதையாவது நீ பார்."

ஆறு திருகாணி. ஒன்று வழுக்கல்.
மூடிக்கு அடியில், கடற்பஞ்சில் சுற்றி
ஒன்பது வோல்ட் பற்றரி.
தபால்தலை அளவில் ப்ரீஆம்ப்.
ஈயம் வைத்த கை நிதானமான கை.

எனக்கு இந்த வாசிப்புப் பழக்கம்.
எவனோ ஓடவிட்ட வயரை
வேறெவனோ அவசரத்தில் வெட்டி ஒட்டி,
பெட்டிக்குள் பென்சிலால் திகதி போட்டுவிட்டுப் போயிருப்பான்.
அதை நடுச்சாமத்தில்
ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் இடையில்
டோர்ச்சைப் பல்லில் கடித்தபடி வாசிப்பதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.

சிவப்பு பற்றரிக்கு.
வெள்ளை பிக்கப்பிலிருந்து குமிழுக்கு.
சின்னச் சுவிச்சில் புறப்பட்ட மஞ்சள்
பற்றரிக்குக் கீழால் நுழைந்து
மூலையில் வளைந்து
முனைக்கு ஒழுங்காக உறை மாட்டி
முடிந்தது.
எதையும் தொடவில்லை.
அறுந்ததல்ல. மறந்ததுமல்ல.
ஒன்றுமில்லாததற்கு
இவ்வளவு சுத்தமான வேலையை நான் பார்த்ததில்லை.

"அது எனக்காகப் போட்டது,"
டார்லீன் எட்டிப் பார்க்காமலே சொன்னாள்.
"நெஞ்சு அதிருது, குறை என்று கத்துவேன்.
அதைத் தட்டுவான். அந்தக் கணமே குறையும்.
இப்போது தண்டர் பேயில் யாரோ ஒருத்தியோடு.
ஆனாலும் அந்த ஒரு விஷயத்தில்
என் சொல் கேட்டவன்."

நான் பார்க்கும் பதினொரு கட்டடங்களில்
எட்டில் கதவு மூடும் பொத்தான் வேலை செய்யாது.
மேலிடத்து உத்தரவு; நானே கழற்றிவிட்டவை மூன்று.
சனம் அழுத்தும்.
கதவு தன்பாட்டில், தன் நேரத்துக்கு மூடும்.
மூடியது தாங்கள்தான் என்று நிமிர்ந்து நின்று
மேலே போவார்கள்.
பக்கத்தில் நின்றாலும்
நான் வாய் திறப்பதில்லை.

மூடியைப் பூட்டினேன்.
"திருகாணி வழுக்குது, நடுக் குமிழ் கரகரக்குது.
ஐந்நூற்று இருபது."
"சுவிச்?"
"அதுக்கு ஒரு குறையுமில்லை."

ஐந்நூற்று நாற்பதில் வந்து நின்றோம்.
தோள்பட்டி ஒன்று சும்மா தந்தாள்,
வியர்வை காய்ந்து விறைத்தது.

இரவு, மிசிசாகா, நிலவறை.
ஆகத் தடித்த கம்பியை ஒரே ஒருதரம் தொட்டேன்.
உலர்த்தியின் மேல் கிடந்த சில்லறை
நடக்கத் தொடங்கியது.
மேலே எவரும் தட்டவில்லை,
மகன் ஹெட்போனுக்குள் இருக்கிறான்.
யாரும் கத்தாமலே
சின்னச் சுவிச்சைத் தட்டினேன்.

குறைந்தது.

திருப்பித் தட்டினேன். கூடியது.
மஞ்சள் வயர் எங்கே முடிகிறதென்று
இந்தக் கண்ணாலேயே பார்த்தவள் நான்.
மறுபடியும் தட்டினேன்.

பற்றரி இறங்குகிறதோ என்னவோ.
நாளைக்கு வேலையால் வரும்போது
புதிது ஒன்று வாங்கவேண்டும்.