இருப்பவர் பட்டியல்

மீனாட்சிபுரம் பால் சங்கத்தில்
ஒரே ஒரு லினக்ஸ் சர்வர்.
அதன் தயவில் ஏழு மேசைகளில் ஏழு சின்னப் பெட்டிகள்,
டிபன் பாக்ஸ் அளவு, சொந்தமாக மூளை கிடையாது.
வேலை முடிந்ததும்
மானிட்டரை அணைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.
உள்ளே,
பூட்டிய வீட்டில் சுற்றும் மின்விசிறியாக
எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்.

திங்கட்கிழமை சர்வர் மூச்சு முட்டி நின்றது.
பொள்ளாச்சி பஸ்ஸில் வந்திறங்கி
பட்டியலைத் திறந்தேன்.
கிரிஜாவின் பிரவுசர், பன்னிரண்டு முறை.
ஓணத்திலிருந்து மூடாத தீவனக் கணக்கு ஒன்று.
ஆரோக்கியதாஸ் குவைத்துக்குப் போய் அறுபத்து மூன்று நாள்:
அவர் விட்டுப்போன சீட்டாட்டம்
அடுத்த சீட்டுக்காகக் காத்திருக்கிறது.
பெற்ற ப்ராசஸ் செத்துப்போனால்
பிள்ளையை ஒன்றாம் எண் எடுத்துக்கொள்ளும்;
அது யாரையும் வேண்டாம் என்றதில்லை.
அதனால்தான் இத்தனை கூட்டம்.

பதினான்கு வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன்.
இரவு பதினொன்றுக்கு
யார் யார் இருக்கிறார்கள் என்று கேள்.
பட்டியலில் இல்லாதவரின் அத்தனையையும்
ஒன்பதால் அடி.
ஒன்பது என்றால்
சேமிக்கவும் நேரமில்லை, சொல்லிக்கொள்ளவும் நேரமில்லை.

செவ்வாய் காலை
அவிழ்த்துவிட்ட கன்று மாதிரி ஓடியது சர்வர்.
செக்ரட்டரி டீ வாங்கிக் கொடுத்தார்.
பாதி டீயில் வேலப்பன் வந்து நின்றார்,
ராத்திரி டேங்கருக்குப் பால் சோதிக்கிறவர்.
கையில் கிழித்த காலண்டர் தாள்,
பின்பக்கம் முழுக்க நாற்பத்திரண்டு கேனின்
கொழுப்பு அளவு, பேனாவில்.
"பதினொண்ணுக்கு ஸ்கிரீன் போயிருச்சு மேடம்.
ஞான் இவிடெத்தன்னெ உண்டாயிருந்நு."

தேடிப் பார்த்தேன்.
சின்னப் பெட்டி வழியாக வருகிறவர்களை
அந்தப் பட்டியல் எழுதிக்கொள்வதே இல்லை.
அதன் கணக்கில் இந்தச் சங்கத்தில்
இதுவரை ஒரு ஆள்கூட வேலை பார்த்ததில்லை.
சொன்னேன்.
"ரேஷன்லயும் அப்படித்தான்" என்று சிரித்தார்.
அவருக்கு வீடு அந்தப் பக்கம், தொழுவம் இந்தப் பக்கம்.
மலையாளத்தில் அவர் எண் வாசிக்க
நான் தட்டினேன்.
பதினேழாம் கேனில் எனக்குத் தப்பியது.
திருத்தினார்.

இப்போது என் ஸ்கிரிப்ட் பட்டியலைக் கேட்பதில்லை.
ஒவ்வொரு பெட்டியாகக் கதவைத் தட்டுகிறது.
பதில் வந்தால் நகர்ந்துவிடுகிறது.
வராவிட்டால் முதலில் பதினைந்து:
கையில் உள்ளதை முடித்துக்கொண்டு கிளம்பு.
முப்பது நொடி.
அப்புறம்தான் ஒன்பது.
வேலப்பன் பெயரை விதிவிலக்கென்று எழுதவில்லை.
எழுதினால், அவர் போன பிறகும் அது அங்கேயே கிடக்கும்.

ஒன்று மட்டும் மிச்சம்.
எப்போதோ செத்தது, பெயர் இன்னும் பட்டியலில்.
பதினைந்து, ஒன்பது, எதுவும் அதைத் தொடாது.
பெற்றது வந்து
என் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று
ஒரு வார்த்தை கேட்கவேண்டும்.
பெற்றதோ உயிரோடு இருக்கிறது,
வேறேதோ வேலையில்.

ஐந்தரை பஸ் ஹாரன் அடிக்கிறது.
லாக் அவுட் செய்துவிட்டேனா என்று
திரும்பிப் போய்ப் பார்த்தேன்.