நாலாவது

குளச்சல். ராத்திரி ஒண்ணே முக்கால்.
பழைய சர்வர், நாலு பிராசசர்,
நாகர்கோவில் ஏலத்தில் எடை போட்டு வாங்கியது.
திரையில் கெர்னல் பேர் கூப்பிடுகிறது:
பூஜ்யம், வந்தாச்சு.
ஒன்று, வந்தாச்சு.
இரண்டு
அப்புறம் கர்சர்கூட இமைக்கவில்லை.

ஆறாம் தடவை.
டெலஸ்பின் சீடியை எடுத்துச் சட்டையில் துடைத்தான்.
"சீடியில ஒண்ணும் இல்லலே" என்றேன்.
மறுபடியும் துடைத்தான்.

ஒரே ஒரு பிராசசர் போதும் என்று
பூட் வரியில் தட்டியதும்
மளமளவென்று இறங்கிவிட்டது லினக்ஸ்.
நாலாள் வள்ளத்தில்
ஒருத்தன் மட்டும் துடுப்புப் போடுகிறான்.

பயாஸில் ஒரு அட்டவணை.
ஒன்று புள்ளி நான்கை ஒன்று புள்ளி ஒன்றாக்கினேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்,
இரண்டு எழுந்தது.
மூன்று எழவில்லை.
(எண்ணுவது பூஜ்யத்திலிருந்து. ஆளில் அது நாலாவது.)

கழற்றினால் பல்லெல்லாம் பச்சை.
எங்களுக்கு முன்னாலேயே
உப்புக்காற்று அதில் இன்ஸ்டால் ஆகியிருந்தது.
அழிரப்பரால் தேய்த்தோம், ஊதினோம்,
டெலஸ்பின் கெட்டவார்த்தையும் சொல்லிப் பார்த்தான்.

மூன்றோடு சரி.
பக்கத்து அறையின் ஏழு மெஷின்களையும் கோத்து
கள்ளக்கடல் கணக்கைப் பங்கு போட்டேன்.
"சீக்காகிக் கரையில கெடக்கவனுக்கும்
பங்கு வைக்கணும்லா"
என்றான் டெலஸ்பின்,
செத்த பிராசசர் அவன் மடியில்.
சிரிக்க எனக்குத் தெம்பில்லை.

நாலரைக்கு முதல் விடை வந்தது:
அலை உயரம், ஒன்று புள்ளி எட்டு மீட்டர்.
சரிதானா என்று பார்க்க
வெளியே போனோம்.
இருட்டு.
சத்தம் மட்டும்.