மறுகா

கச்சான் தொடங்கிற்று என்றார்கள் கந்தோரில்.
நான் கச்சான் விற்கிறவனைத் தேடி
ஜன்னலால் எட்டிப் பார்த்தேன்.
அது காற்று.
மேற்கே அறுத்து முடிந்த வயல்களின் சூட்டையெல்லாம் வாரிக்கொண்டு
வாவியில் கால் நனைக்காமல் தாண்டி வந்து
என் கோப்புகளைப் புரட்டிப் போட்ட காற்று.

அது போன வருடம்.
ஹப்புத்தளையிலிருந்து மாற்றலாகி
பெட்டிக்குள் இரண்டு ஸ்வெட்டரோடு இறங்கி
பகல் ஒரு மணிக்குக் குடை பிடித்தபடி
புளியந்தீவில் வாடகை அறை தேடிய வருடம்.
முழு வீதிக்கும் நான் ஒருத்தி.
நாய்களும் காணுக்குள்.

இப்போது தெரியும்.
பன்னிரண்டு தொடங்கி மூன்றரை வரை
இப்படி ஓர் ஊரே இல்லை.
மூன்றரைக்கு யாரோ ஒரு வாளித் தண்ணீரை
வாசல் மண்ணில் வீசும் சத்தம் கேட்கும்.
அடுத்த படலை கிறீச்சிடும்,
அதற்கடுத்தது,
ஓட்டோ ஒன்று இருமிக்கொண்டு உயிர்க்கும்.
பிறகு பத்து மணி வரை
வீட்டுக்குள் இருப்பது மின்விசிறி மட்டும்.

திருமலை வீதியில் எந்தப் பக்கம்
எத்தனை மணிக்கு நிழல் என்று தெரியும்.
வெடித்த வெள்ளரிப்பழம்தான் பழம்;
வெடிக்காததை அழகு பார்த்து வாங்குகிறவர் வெளியூர்.
பாலைப்பழம் தின்னுமுன்
உதட்டில் தேங்காயெண்ணெய் பூச வேண்டும் என்பது மட்டும்
பிந்தித் தெரிந்தது.
கூட்டத்தில் புதிய அதிகாரி என் பெயரைக் கேட்டார்.
வாய் ஒட்டிக்கொண்டது.
மேசைக்குக் கீழே குனிந்து
சிரித்து முடித்தது காணிப் பிரிவு.
றிஸ்மியாதான் கைப்பையிலிருந்து எண்ணெய்க் குப்பியை எடுத்து
எல்லோருக்கும் முன்னால் நீட்டினாள்,
பேனை நீட்டுவதைப் போல.

ஐந்து மணிக்குக் கடல்காற்று வந்து
கச்சானைப் பின்கழுத்தில் பிடித்துத் தள்ளும்.
அந்த நிமிடம் கல்லடியில் நிற்க வேண்டும்,
பழைய இரும்புப் பாலத்தில்.
கிழக்கே பறந்த தாவணி
ஒருகணம் தொங்கி, யோசித்து,
மேற்கே பறக்கும்.
இதற்காகவே ஸ்கூட்டி பழகினேன்.

மீன் பாடியதைக் கேட்டாயா என்று
போனில் அம்மா ஒவ்வொரு முறையும்.
நிலவு போதாது என்கிறார் ஸ்டானிஸ்லாஸ்,
முப்பது வருடம் இதே தூணடியில் தூண்டில் போட்டவர்.
எந்த நிலவும் அவருக்குப் போதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடற்கரை.
இந்த மாதங்களில் கடல் பாய் விரித்த மாதிரிக் கிடக்கும்.
சேலையோடு, சாரத்தோடு, பள்ளி ரீசேட்டோடு
குடும்பம் குடும்பமாய் அதில் விழுவார்கள்.
இறால் வடையில் பாதி மணல்.
யாரும் துப்புவதில்லை.
றிஸ்மியா ஒருநாளும்
கடலுக்கு முதுகு காட்டி உட்காரமாட்டாள்.
பதினொரு வயதில் அவள் இந்தக் கரையிலிருந்து ஓடியவள்.
நான் கேட்டதில்லை; வேறொருவர் சொன்னது.
நானும் இப்போது அப்படியே உட்காருகிறேன்,
இரண்டு பேருக்கும் நடுவே கச்சான் சுருள்,
தின்கிற கச்சான்.

நேற்று இரண்டு மணி.
பதுளை பஸ்ஸால் இறங்கிய பொடியன்,
தோளில் கம்பளி ஜாக்கெட்,
முகமெல்லாம் தேயிலைக் கொழுந்து வாடியது போல.
"கொஞ்சம் நெழலா, குடிக்க ஏதாச்சும் எங்கங்க கெடைக்கும்?"
என் அப்பாவின் வாயிலிருந்து வந்த மாதிரி இருந்தது அந்தக் கேள்வி.
நானும் அப்படியே பதில் சொல்லத்தான் வாய் திறந்தேன்.
"இந்தச் சந்தியால கிறுகுங்க,
மறுகா
ஒரு சர்பத் கடை."

அவன் வீதிப் பலகைகளைப் பார்த்தான்.
இடப்பக்கம், வலப்பக்கம்.
பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேட்டான்:

"மறுகா வரைக்கும் நடக்கலாமுங்களா,
இல்ல பஸ் எடுக்கணுமா?"

ஒரு வருடமாகும் என்று சொல்லவில்லை.
பின்னால் ஏறச் சொன்னேன்.
கசகசா கூடப் போட்டு இரண்டு,
தேசிக்காய் நன்றாகப் பிழிந்து.