தாமதம்

பதினோரு வருஷம் கழித்துப் படகிலிருந்து இறங்கினேன்.
சிலோயே தீவில் மழை.
நான் ஓடிப்போன இரவின் அதே மழையாகவும் இருக்கலாம்,
இங்கே அது நிற்பதேயில்லை.

மணி வாங்கச் சேர்த்த காணிக்கை அது.
சிப்பி பொறுக்கியவர்களும் கிழங்கு விற்றவர்களும்
ஈரக் கையோடு போட்ட சில்லறை.
புந்தா அரேனாஸில் மூன்று வாரம் வந்தது.
முதல் வாரம் குடி. மற்ற இரண்டும் ஞாபகமில்லை.

கோவில் கதவு தாழிடவில்லை.
மணிக்கூண்டு இன்னும் காலி.
மரச்செதில் கூரை ஒழுகி
சூசையப்பர் சுரூபத்தின் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது.
ஏணியடியில் உபதேசியார் எர்மிந்தா,
வாய் நிறைய ஆணி.
அதனால்தான் திட்டவில்லை என்று நினைத்தேன்.

நோட்டுக்கட்டை நீட்டினேன். எண்ணவில்லை.
உண்டியலைக் கண்ணால் காட்டினாள்.
அதன் வாய் சின்னது,
ஒவ்வொரு நோட்டாகத்தான் போயிற்று.

மெழுகுவர்த்தி ஏற்றும் முறைப் பட்டியலை எடுத்து வந்தாள்.
வெள்ளிக்கிழமை: எலியுத்தேரியோ.
பக்கம் பக்கமாக என் பெயர்,
எதிரே வரவில்லை, வரவில்லை, வரவில்லை,
மூன்று பேர் கையெழுத்தில்,
கிடைத்த மையிலெல்லாம்.
ஒருவரும் என் பெயரை அடித்துவிடவில்லை.

சாமியார் மாதம் ஒருமுறை வருவார், கடல் விட்டால்.
பாவசங்கீர்த்தனத்துக்கு மனப்பாடம் செய்து வந்ததெல்லாம்
அதுவரை நாக்கின் அடியில் கிடக்கட்டும்.

ஆணிகளை உள்ளங்கையில் துப்பினாள்.
பென்சிலை நக்கி
இன்றைய கட்டத்தில் எழுதினாள்:
தாமதம்.

பிறகு சுத்தியலைக் கொடுத்து,
"முதலில் சூசையப்பருக்கு மேலே" என்றாள்.
ஏறினேன். ஏணி ஆடியது.
கீழே பிடித்துக்கொண்டாள்.