சாறு போன கொட்டை

லியோனிலிருந்து கொழுந்தனார் கொண்டுவந்த புட்டி.
ஒயினுக்குப் பிழிந்த சக்கையில் எடுத்ததாம்.
சாறு அவர்களுக்கு, கொட்டை நமக்கு.

குருசுக்குப்பம் வஞ்சிரம் புகையாமல் பொரிந்தது.
மீன் வெறும் மீனாகவே ருசித்தது,
அதுதான் குறை.
மீதியைக் குதிகால் வெடிப்பில் தடவினேன்;
பிசுக்கில்லாமல் இறங்கிவிட்டது.

லூர்துநாதனுக்கு மட்டும் அதில் தாளிக்கவில்லை.
ஜிப்மரில் வால்வு மாற்றியவர்;
ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை.
'கேட்காமல் புதிதாக எதுவும் வேண்டாம்'
என்று சீட்டின் ஓரத்தில் எழுதியிருக்கிறது.

ராத்திரி பார்த்தேன்:
குடியை விட்ட மனிதர்
மூடி திறந்து மூக்கைக் கொண்டுபோகிறார்.
ஒன்றுமில்லை.
திரும்ப மூடக்கூட இல்லை.

ஜன்னலோரம், சித்திரை வெயில்.
மூன்றாம் வாரம் பழைய பெயிண்ட் வாடை.
கொட்டப் போனவளைத் தடுத்து,
'இரு, இப்பத்தான் ஏதோ வருது'
என்கிறார்.