மூன்று சுழி

வின்டர்தூரில், ஆய்லாக் ஆறு
நகரத்துக்கு அடியில் மூடிப் போகும் தெருவில்
நிலவறையில் எங்கள் குழாய்.
அக்ரிலிக். ஒன்றரை மீட்டர்.
வாயில் சாய்ந்த தகடுகள்
தண்ணீரின் காதைத் திருகி உள்ளே அனுப்பும்.

அளப்பவர் பெயர் பேயாட்.
முதல் வாரம் முழுக்க அதன் பின்னால்
ஒரு 'டம்' சேர்த்து எனக்குள் சிரித்தேன்.
மனிதர் அசையவே மாட்டார்.
இரண்டு பச்சை லேசரை ஒரு புள்ளியில் சந்திக்க வைத்து
மாவைவிடப் பொடியான துகள்கள்
கடக்கும்வரை காத்திருப்பார்.
புள்ளிக்கு ஆறு நிமிடம்.
இரண்டு மில்லிமீட்டர் நகர்த்தி
மறுபடி ஆறு நிமிடம்.

நான் மாடியில். எனக்குத் தண்ணீர் கிடையாது.
நாற்பது லட்சம் கட்டங்களாக நறுக்கிய குழாய்,
இரண்டு சமன்பாடுகள்:
கொந்தளிப்பின் ஆற்றல் ஒன்று,
அது அழியும் வேகம் ஒன்று.
சிக்கனமான மாதிரி. எல்லாத் திசையையும் சமமாகப் பார்க்கும்.
கேட்க நியாயமாகத்தான் இருக்கும்;
சுழலுக்குள் அந்த நியாயம் செல்லாது.

என் திரையில் தண்ணீர்
கிரைண்டர் கல்லாக மொத்தமாய்ச் சுற்றியது,
நடுவில் ஒழுக்கமாக முன்னே போனது.
கீழேயிருந்து பேயாட்டின் தாள் வந்தது.
அச்சில், மைனஸ் பூஜ்யம் புள்ளி மூன்று ஒன்று.
அதாவது
எல்லோரும் வெளியேறும் வாசலில்
யாரோ ஒருவன் நட்டநடுவே உள்ளே வருகிறான்.

"குறியை மாற்றிப் போட்டிருப்பீர்கள்" என்றேன்.
கோபப்படவில்லை.
விளக்கை அணைத்தார். குழாயின் கடைசியில்
ஊசி வழியே ஒரு சொட்டுச் சிவப்புச் சாயம்.
அது போக வேண்டிய பக்கம் போகாமல்
நூலாக முறுகி, எதிர்த்து ஏறி
என்னை நோக்கி வந்தது.

பனிக்கும் பணிக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம்.
இரண்டு போட்டுவிட்டு
ஊரே தப்பாகப் படிக்கிறது என்கிறேன்.

ஏழு சமன்பாட்டுக்கு மாறினேன்.
திசைதிசையாகத் தகைவுகள் ஆறு,
ஏழாவதாக அதே அழிவு.
ஒன்றின் காலை ஒன்று பிடித்துத் தொங்கும் கூட்டம்.
வியாழன் இரவு இரண்டு மணிக்கு வெடித்தது.
வெள்ளி, ஒன்றரைக்கே.
சனிக்கிழமை தளர்வுக் காரணியைக் குறைத்து,
குறைத்து, இன்னும் குறைத்து,
போ என்று விட்டுவிட்டுத் தூங்கினேன்.
ஞாயிறு காலை ஒருங்கியிருந்தது.
நடுவே பின்னோட்டம்!
மைனஸ் பூஜ்யம் புள்ளி இரண்டு எட்டு.

என் கோட்டைத் தன் புள்ளிகள்மேல் வைத்துப் பார்த்தார் பேயாட்.
"அழகு" என்றார்.
கொஞ்சம் பொறுத்து,
"ஆனால் இது அசைகிறதே."

அசைந்தது. சாயநூல் நடுவில் நிற்கவே இல்லை.
அச்சைச் சுற்றி வினாடிக்கு நான்கு தடவை
கயிறு திரிப்பதுபோல் தள்ளாடியது.
என் கணக்கு காலத்தைச் சராசரி ஆக்கிவிட்டது;
சராசரியில் கயிறு நிம்மதியாக இருக்கிறது.

ஃப்ராவன்ஃபெல்ட் ரயிலில் அன்று உட்கார இடம் கிடைத்தது.
தினமும் வருகிறேன், போகிறேன்.
பதினொரு மாதச் சராசரியில்
என் வேகம் சுழியம்.

காலத்தோடு சேர்த்துக் கணக்கிட
நான்கு வாரக் கணினி நேரம் கேட்டேன்.
"வாடிக்கையாளருக்குச் சராசரி போதும்"
என்றாள் இனெஸ் ஆக்ஸ்னர்.
பொய்யில்லை. அவருக்குப் போதும்.

அறிக்கையில் எழுதினேன்: நன்றாக ஒத்துப்போகிறது.
பின்னிணைப்பில்
சாயநூலின் படம் ஒன்றைச் சேர்த்தேன்.
மங்கலாக இருக்கும்.
கேமராவில் குறை இல்லை.